கானாடுகாத்தான் போனால் பின்தெருவுக்கும் போங்கள்

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து திருச்சியில் வந்து இறங்குபவர்கள் பலர் காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டு, செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் அரண்மனை வாசலில் நாலு படம் எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அரை நாளாவது ஒதுக்கி ஊரை நடந்தே சுற்றுங்கள், காலை வெயில் ஏறுவதற்குள் என்றால் நல்லது. மார்கழி, தை மாதங்கள் தோது.

முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய பெரிய வீடுகள் அவ்வளவு நீளம். உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் திண்ணையைத் தாண்டி வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், கொஞ்சம் நில்லுங்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலும் விழும் மழைத் தண்ணீர் நடு முற்றத்துக்குத்தான் வரும், அதை அண்டாவில் பிடித்து வைத்தார்கள், மிஞ்சியது ஊருணிக்குப் போனது. வறண்ட சீமையில் வீட்டையே இப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! சுவரைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு அது. தூண்கள் பர்மாத் தேக்கு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகளில் நடந்த வட்டித் தொழில் போன்றவற்றின் பணம்தான் இப்படித் தூணாகவும் பளிங்காகவும் நிற்கிறது.

ஒன்று மறக்க வேண்டாம், இவை தனியார் வீடுகள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் பல வீடுகள் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் திறக்கும். காவலுக்கு இருக்கும் அய்யாவிடமோ ஆச்சியிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள், சாமி அறையைப் படம் எடுக்காதீர்கள். சில வீடுகளில் கட்டணம் வாங்குவார்கள், தாராளமாகக் கொடுங்கள், ஓடு மாற்றவாவது உதவும்.

அப்புறம், தரையில் பதிக்கும் பூக்கல்லுக்குப் பேர்போன பக்கத்து ஊர் ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் நிரப்பி அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவதோடு சரி. மினுமினுப்பு அந்தக் கண்ணாடியில் இருந்து வருவது. ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றால் இந்தக் கல்லையே வாங்குங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் தூணும் கதவும் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்து வந்தவை, நாம் வாங்க வாங்க இன்னொரு வீடு இடியும் என்பதுதான் என் கவலை. தவிர, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.