ஏசிபி ஷீட்: மடிக்கிற இடத்தில்தான் வேலை கெடுகிறது

கடை முகப்பு, ஷோரூம் எலிவேஷன், பெட்ரோல் பங்க் கூரை என்று எங்கும் ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட்தான். வெளியே அலுமினியம், உள்ளே பிளாஸ்டிக். நல்ல 4 மி.மீ. ஷீட் என்றால் இரு பக்கமும் அரை மி.மீ. அலுமினியத் தோல், நடுவில் 3 மி.மீ. பாலிஎத்திலீன். இதை முழுத் தகடு என்று நினைத்துக் கையாள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. "4 எம்எம்தானே?" என்று மொத்தத் தடிமனை மட்டும் கேட்கிறோம். விறைப்பைத் தருவது தோல்தான். இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்திருப்பதே பிளாஸ்டிக்கின் வேலை. 0.5 தோல் உள்ள ஷீட், 3.3 மி.மீ. முழு அலுமினியத் தகட்டுக்கு நிகரான விறைப்பைத் தரும். எடையோ சதுர மீட்டருக்கு சுமார் 5.5 கிலோ; அந்த முழுத் தகடு 9 கிலோவை நெருங்கும். அதே 4 மி.மீ.யில் தோல் 0.25 ஆனால், விறைப்பு 57 சதவீதமாக இறங்கிவிடும். 3 மி.மீ. ஷீட்டில் 0.25 தோல் என்றால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு துண்டு வாங்கி ஓரத்தில் தோலை உரித்து, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். உரிக்கவே கஷ்டப்பட வேண்டும். ஸ்டிக்கர் மாதிரி கையோடு வந்தால் அந்த ஷீட் வேண்டாம். ஒட்டு விட்டுப்போனால் இரண்டு தோலும் சேர்ந்து சுமை தாங்காது.

அடுத்தது க்ரூவ், அதாவது மடிப்பதற்காகச் சீவும் பள்ளம். நிறைய வேலை கெடுவது இங்கேதான். பின்பக்கத் தோலையும் பிளாஸ்டிக்கையும் வி வடிவில் சீவிவிட்டு, முன்பக்கத் தோலை மட்டும் மடிக்கிறோம். அப்போது முன் தோலின் மேல் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்காவது மிஞ்ச வேண்டும். தோலோடு சேர்த்து 0.8 மி.மீ. அந்தக் கொஞ்சம் பிளாஸ்டிக்தான் மடிப்பைக் கூர்மையாகாமல் உருட்டிக் கொடுக்கிறது. மார்பிள் கட்டரைக் கையில் பிடித்து ஓட்டினால் இந்த ஆழம் நிற்காது. ஓரிடத்தில் பிளேடு அலுமினியத்தையே கீறிவிடும்; மடித்தவுடன் பெயின்டில் மயிரிழைக் கோடு விழும், சில மாதத்தில் மூலை பிளந்துவிடும். ஆழம் பூட்டக்கூடிய ரூட்டரும் (பள்ளம் சீவும் மெஷின்), அதில் மாட்டும் நுனி தட்டையான வி பிட்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். மடித்ததை நிமிர்த்தி மறுபடி மடிப்பதும் கூடாது. அலுமினியம் மடிக்க மடிக்க இறுகி, விரிசல் விடும்.

க்ரூவ் இல்லாமல் ரோலரில் வளைப்பதானால், பாலிஎத்திலீன் ஷீட்டுக்கு வளைவின் ஆரம் தடிமனைப் போல் 15 மடங்காவது இருக்கட்டும். 4 மி.மீ.க்கு 60 மி.மீ. அதற்குக் கீழே போனால் உட்பக்கத் தோல் சுருங்கி மடிப்பு விழும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 8 அடி ஷீட்டின் சூடு 50 டிகிரி கூடினால் அது சுமார் 3 மி.மீ. நீளும். இடைவெளி விடாமல் நான்கு பக்கமும் இறுக்கி ரிவெட் அடித்தால், மதியத்தில் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். ரிவெட் துளையைப் பெரிதாகப் போடுங்கள்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீயால் 72 பேர் இறந்தனர். வெளிச்சுவரில் தீ அவ்வளவு வேகமாகப் பரவ முக்கியக் காரணம் பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட இதே வகை ஷீட் என்று விசாரணை சொன்னது. தட்டையாக ரிவெட் அடித்ததைவிட, பெட்டியாக மடித்த வடிவம் தீச்சோதனையில் மிக மோசமாக எரிந்ததும் அங்கே வெளிவந்தது. ஆகவே மாடிக் கட்டடத்துக்கு விலையைப் பார்த்து பாலிஎத்திலீன் ஷீட் எடுக்கவே கூடாது. அதற்குப் பதிலாக எடுக்கும், நடுவில் கனிமத்தூள் நிரப்பிய ஷீட் கனமாக இருக்கும். கனிமம் கூடக் கூட நடுப்பகுதி நொறுங்கும் தன்மையும் கூடும். அதனால் 15 மடங்குக் கணக்கை அதற்கு அப்படியே போடாமல், குறைந்தபட்ச வளைவு ஆரத்தை தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் (விவரத் தாள்) பார்த்த பிறகு டிசைனை முடிவு செய்யுங்கள்.