ஆலைப் பகுதியிலிருந்து கதையும் இசையும் படமும் எடுப்பது எப்படி?

புதுச்சேரி என்றதும் கடற்கரையோரத்து மஞ்சள் சுவர்களைத் தேடிப் போகும் எழுத்தாளரும் இயக்குநரும், ஒருமுறை கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவது நல்லது. 1898-இல் தொடங்கப்பட்டு, ஊராரால் ரோடியர் மில் என்றும் அழைக்கப்பட்ட ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. துருப்பிடித்த கதவைப் படம் பிடிப்பது எளிது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அந்தப் படங்களில் ஒன்றுகூட எதற்கும் பயன்படவில்லை.

எழுத விரும்புபவர் முதலில் ஆலையின் நேரத்தைக் கேட்டறிய வேண்டும். சங்கு ஊதியபோது வீட்டில் யார் எழுந்தார்கள், இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உறங்கப் பிள்ளைகள் எங்கே அனுப்பப்பட்டார்கள், வராதவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் பதிலித் தொழிலாளி வேலை கிடைக்காத நாளில் வீட்டில் என்ன சொன்னார் என்பவை போன்ற கேள்விகளுக்கு வரும் விடைகளிலேயே கதாபாத்திரங்கள் உருவாகிவிடும். “வேலை எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் மற்றொரு பஞ்சாலையான சவானா ஆலையின் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்ததை எழுத நினைப்பவர், நாளையும் எண்ணிக்கையையும் ஆவணத்திலிருந்தும், குடும்பங்கள் அதை நினைவுகூரும் விதத்தைப் பேச்சிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

இசையமைப்பாளருக்குத் தறியே போதும். நீளவாக்கில் கட்டிய பாவு நூல்கள் பிரிந்து வழிவிட, நூலைச் சுமக்கும் நாடா குறுக்கே ஓட, அது விட்டுச்சென்ற குறுக்கு நூலான ஊடை அடித்துச் சேர்க்கப்படுகிறது. இந்த மூன்று அசைவுகளும் சேர்ந்ததே அதன் தாளம். ஆனால் ஒரு தறியைப் பதிவு செய்து அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அதில் ஆலையின் ஒலி கேட்காது. பல தறிகள் ஒன்றோடொன்று இசையாமல் ஓடும்போது எழும் இரைச்சலே ஆலையின் ஒலி. கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியின் கைத்தறிகளைக் கேட்டு அடிப்படை அசைவைப் புரிந்துகொள்ளலாம். விசைத்தறியின் வேகம் வேறு என்பதை மறக்க வேண்டாம். அந்த இரைச்சலில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று பழைய தொழிலாளர்களிடம் கேளுங்கள். திரைப்படத்துக்கான காட்சியும் அங்கேயே கிடைக்கலாம்.

படம் எடுப்பவர் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். கதவைக் காட்டியே தீர வேண்டுமென்றால், அதைக் கடந்து சைக்கிளில் போகும் முதியவரின் ஒப்புதலோடு அவரையும் சேர்த்துக் காட்டுங்கள். அவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.