மின் சைக்கிள் வாங்கும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு மின் சைக்கிள் வாங்க நினைக்கும் பெற்றோர், விலை என்ன, ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதையெல்லாம் துருவித் துருவிக் கேட்கின்றனர். ஆனால் அந்த வண்டி தாங்கள் வாழும் இடத்தின் சட்டப்படி எந்த வகையில் சேரும், அதைத் தங்கள் பிள்ளை இந்த வயதில் ஓட்டலாமா என்று விசாரிப்பவர்கள் குறைவு. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில், மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைசெய்து, வேகம் மணிக்கு 25 கி.மீ.யை எட்டியதும் அந்தத் துணை நின்றுவிடும், மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்கு மிகாத வண்டியே சாதாரண சைக்கிளுக்கு நிகராகக் கருதப்படுகிறது. பிரிட்டனிலும் ஏறத்தாழ இதே வரம்புதான். அங்கே ஓட்டுபவருக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைவான திறனும் 25 கி.மீ.க்குக் குறைவான வேகமும் கொண்ட வண்டிகளுக்கே மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கின்றன: மிதித்தால் மட்டும் மணிக்கு 32 கி.மீ. வரை மோட்டார் உதவுவது முதல் வகை, மிதிக்காமலே ஆக்சிலரேட்டரால் அதே வேகம் வரை செல்வது இரண்டாம் வகை, மிதித்தால் 45 கி.மீ. வரை உதவுவது மூன்றாம் வகை. கலிபோர்னியாவில் மூன்றாம் வகையை 16 வயது நிறையாதவர்கள் ஓட்டக் கூடாது; எந்த வயதினராயினும் அதில் ஏறும்போது ஹெல்மெட் கட்டாயம். அதே 45 கி.மீ. வேக வண்டியை நெதர்லாந்தில் ஓட்ட வேண்டுமானால் நம்பர் பிளேட்டும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். ஓரிடத்தில் தடையின்றி ஓடும் வண்டி வேறோரிடத்தில் பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடும் என்பதால், இணையத்தில் வேற்று நாட்டுக் கடையிலிருந்து வரவழைப்பவர்கள் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இதையொட்டிய இன்னொரு தவறு, வேக வரம்பைச் செயலி மூலமாகவோ ஒரு வயரைத் துண்டித்தோ நீக்கிக்கொள்வது. சில விற்பனையாளர்களே இதை ஒரு வசதியாக எடுத்துச் சொல்கின்றனர். நான் இதை மிகக் கடுமையான தவறாகக் கருதுகிறேன். வேகம் 25 கி.மீ.யிலிருந்து 45 கி.மீ.க்கு உயரும்போது மோதலில் வெளிப்படும் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகிறது, ஏனெனில் அது வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. வண்டியின் பிரேக்கும் சட்டகமும் பழைய வேகத்துக்காகவே வடிவமைக்கப்பட்டிருக்கும். வரம்பு நீக்கிய வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்பட்டால், விபத்தில் மற்றவருக்கு நேரும் காயத்துக்குக் காப்பீடு கைகொடுக்காமல் போகவும், முழுச்சுமையும் குடும்பத்தின் தலையில் விழவும் கூடும்.

சட்டத்தை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் தரச்சான்று பெறாத மின் சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்பதற்குத் தடை உள்ளது. பேட்டரித் தீயால் நேர்ந்த உயிரிழப்புகளே அதற்குக் காரணம். கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் வகைகளின் விளக்கமே திருத்தப்பட்டு, முதல், மூன்றாம் வகைகளில் ஆக்சிலரேட்டர் இருக்கக் கூடாது என்று தெளிவாக்கப்பட்டது. ஆகவே இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய உறவினரின் சொல்லை மட்டும் நம்பாமல், வாங்குவதற்கு முன்பும் அதன் பிறகு அவ்வப்போதும் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தைப் பார்ப்பது நல்லது. பூங்காப் பாதைகளுக்கும் பள்ளி வளாகங்களுக்கும் தனி விதிகள் இருக்கக்கூடும். அவற்றையும் கேட்டறிய வேண்டும்.

வீட்டுக்குள் வரும் பெரிய ஆபத்து பேட்டரிதான். லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலங்களில் (செல்களில்) ஒன்று பழுதடைந்து அளவுமீறிச் சூடானால், அந்த வெப்பம் அடுத்தடுத்த செல்களுக்குப் பரவி, நச்சுப்புகையோடு சில நொடிகளிலேயே பெருந்தீயாகலாம். அணைந்ததாகத் தோன்றிய பிறகும் அது மீண்டும் பற்றிக்கொள்ளக் கூடியது. அப்படியிருந்தும், எல்லோரும் உறங்கும் இரவில், வாசற்கதவை ஒட்டிய இடத்தில், பிளக் பொருந்துகிறது என்பதற்காகக் கிடைத்த சார்ஜரைக் கொண்டு சார்ஜ் செய்யும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டிய வழியே அடைபடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தயாரிப்பாளர் தந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்தி, விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் வழியிலிருந்து தள்ளி சார்ஜ் செய்து, நிறைந்ததும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். உப்பிய, கீழே விழுந்து அடிபட்ட, வழக்கத்துக்கு மாறான வாடை வீசும் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரிகளைத் திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். புகை வந்தால் அணைக்க முயலாமல் அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி.

சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு இதற்குப் பயிற்சி தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பல மின் சைக்கிள்கள் 20 கிலோவுக்கும் மேல் எடை கொண்டவை. மிதியை அழுத்தியதும் முன்னோக்கிப் பாயும் அதன் வேகத்துக்கும், நிறுத்தத் தேவைப்படும் கூடுதல் தூரத்துக்கும் உடல் பழக வேண்டும். வாகனங்கள் வராத திடலில் பெற்றோரும் கூடவே ஓட்டிப் பழக்குவது நல்லது. பிரேக் கட்டைகளும் விரைவாகத் தேயும். பின்னால் குழந்தை இருக்கை பொருத்துவதானால், கேரியர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்கள், மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்படாமல், வரிசை எண்ணைக் கொண்டு அந்த மாடலின் பேட்டரியைக் குறைபாடு காரணமாகத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்று தேட வேண்டும். பேட்டரியைப் பிரித்துச் செல்களை மாற்றியிருந்தால் அதை ஏற்கவே கூடாது. அசல் சார்ஜரை விற்பவரால் தர முடியாவிட்டால், தயாரிப்பாளரிடம் புதிய சார்ஜர் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே விலையைப் பேச வேண்டும்.