டாம்பான் உறுத்துகிறதா? எப்போது வலிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்சுவதற்காக யோனிக்குள் செலுத்தும், வெளியே எடுக்க நூல் கோத்த சிறிய பஞ்சுச் சுருள்தான் டாம்பான். சரியான இடத்தில் அமர்ந்த டாம்பான் உள்ளே இருப்பதே தெரியாது. நடக்கும்போதும் உட்காரும்போதும் பேருந்துப் படியில் ஏறும்போதும் அது நினைவுக்கே வரக் கூடாது. நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்றால் அளவிலோ, ஆழத்திலோ, பயன்படுத்தும் நாளிலோ, சில சமயம் உடலிலோ ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று பொருள். பெரும்பாலான காரணங்களை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். மாதவிடாய் என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதற்குப் பழக்கப்பட்ட பெண்கள், டாம்பான் தரும் வலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் டாம்பான் இன்னும் புதுப்பொருள்தான். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் பெண்களில் சிலர், கோடை வெயிலில் நாப்கின் தொடையிடுக்கை உராய்ந்து புண்ணாக்குவதைத் தாங்க முடியாமல் இதற்கு மாறுகிறார்கள். விளையாட்டும் நீச்சலும் பழகும் பெண்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவோ அக்காவோ பயன்படுத்தியிராத பொருள் என்பதால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கச் சீட்டோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

வலியின் காரணத்தைக் கண்டுபிடிக்க, அது எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: செலுத்தும்போதா, உள்ளே இருக்கும்போதா, வெளியே எடுக்கும்போதா?

செலுத்தும்போது வலித்தால்

யோனிப் பாதை நேர் மேலாகப் போவதில்லை. பின்பக்கமாக, முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சாய்ந்து போகிறது. புதிதாகப் பயன்படுத்துபவர்கள் நேராக மேல்நோக்கித் தள்ளுவதால் டாம்பானின் முனை முன்பக்கச் சுவரில் முட்டி வலிக்கிறது. முனையை வால் எலும்பின் பக்கமாகத் திருப்பி, அவசரமில்லாமல் செலுத்தினால் பல பேருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வலி போய்விடும். குந்தி உட்காரும் நிலை இதற்கு மிகவும் ஏற்றது. நம் வீட்டு இந்தியக் கழிப்பறையே போதும். மேலைநாட்டுக் கழிப்பறை இருக்கும் வீட்டில், நின்றபடி ஒரு காலைத் தாழ்வான முக்காலியின் மேல் வைத்துக்கொள்ளலாம்.

பயமும் வலிக்கு ஒரு காரணம். யோனியின் வாயைச் சுற்றி இருக்கும் இடுப்புத்தளத் தசைகள், மனம் பதறும்போது தாமாகவே இறுகிக்கொள்ளும். இறுகிய தசையை எதிர்த்துத் தள்ளினால் வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். அப்படி ஆகும்போது தள்ளுவதை நிறுத்திவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, மெதுவாக வெளியே விடும்போது மட்டும் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். இரண்டு முறை முயன்றும் முடியவில்லையென்றால் அன்றைக்கு நாப்கினை வைத்துக்கொண்டு, அடுத்த நாள் முயலலாம். கல்லூரிக்குக் கிளம்பும் காலை நேரத்தில், கதவுக்கு வெளியே யாராவது காத்திருக்கும்போது முதல் முயற்சியைச் செய்ய வேண்டாம்.

எந்த நாளில் முயல்கிறோம் என்பதும் முக்கியம். உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் இரண்டாம் நாளில் உள்ளே ஈரம் இருப்பதால் எளிதாகச் செல்லும். கசிவு தொடங்கும் முன்போ, கடைசி நாளில் சொட்டுச் சொட்டாக இருக்கும்போதோ, வெள்ளைப்படுதலுக்காகவோ டாம்பான் வைக்கவே கூடாது. ஈரம் போதவில்லையென்று தோன்றினால் மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த லூப்ரிகேட்டிங் ஜெல்லியை முனையில் சிறிது தடவிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் கை முதலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். இதற்கு அது வேண்டாம். எண்ணெயும் வாஸ்லினும் எளிதில் கழுவப்படாமல் உள்ளே தங்கித் தொற்றுக்கு இடம் கொடுக்கக்கூடும்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. நகத்தை வெட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டாம்பானைத் தொட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமையலுக்குப் பச்சை மிளகாய் நறுக்கிய கையோ, மிளகாய்த் தூள் பிசைந்த கையோ சோப்பில் ஒருமுறை கழுவினால் சுத்தமாகிவிடுவதில்லை. காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அந்த விரலால் டாம்பானை வைத்துவிட்டு, எரிகிறதே, டாம்பான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயப்படுவதில் பயனில்லை. அப்படிப்பட்ட நாளில் முதலில் கையில் சிறிது எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் இரண்டு முறை கழுவ வேண்டும். சானிடைசர் தடவியிருந்தால் அது முழுவதும் காய்ந்த பிறகே தொட வேண்டும். ஆல்கஹால் பட்டாலும் எரியும்.

உள்ளே இருக்கும்போது உறுத்தினால்

உட்காரும்போது கிள்ளுவது போலவோ குத்துவது போலவோ இருந்தால், டாம்பான் போதிய ஆழத்துக்குப் போகவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். யோனியின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. தசை வளையமும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிய உட்பகுதியில் தொடுவுணர்வு மிகக் குறைவு. பாதி வழியில் நின்றுவிட்ட டாம்பான் அந்தத் தசை வளையத்துக்குள் மாட்டிக்கொள்வதால்தான் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அழுத்துகிறது. பயத்தில் கொஞ்சமாகச் செலுத்தினால் கொஞ்சமாக வலிக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் ஆழமாகப் போனால்தான் வலிக்காது. விரலால் செலுத்தும் வகையென்றால் நடுவிரலின் இரண்டாவது கணு வரை உள்ளே போகும் அளவுக்குத் தள்ள வேண்டும். அப்ளிகேட்டர் என்னும், உள்ளே செலுத்த உதவும் இரட்டைக் குழாயுடன் வரும் வகையென்றால், வெளிக்குழாய் விரல் பிடிக்கும் இடம் வரை உள்ளே போன பிறகே உட்குழாயை அழுத்த வேண்டும். பிறகு இரண்டு குழாய்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பாதியில் நிற்கும் டாம்பானைச் சுத்தமான விரலால் மேலும் தள்ளிப் பார்க்கலாம். நகரவில்லையென்றால் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். எடுத்ததையே திரும்ப வைக்கக் கூடாது.

அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலியைப் பலர் டாம்பானின் தலையில் போடுகிறார்கள். அது கருப்பை சுருங்குவதால் வரும் வழக்கமான மாதவிடாய் வலி. டாம்பானை எடுத்தாலும் நிற்காது. டாம்பானை எடுத்தவுடன் நிற்கிற வலியை மட்டும் டாம்பானோடு சேர்த்துப் பார்த்தால் போதும். மலச்சிக்கல் இருக்கும் நாட்களில் பின்பக்கக் குடல் நிறைந்து யோனிச் சுவரை அழுத்துவதால் இடம் குறைந்து, வழக்கமான அளவே பெரிதாக உணரப்படுவதும் உண்டு.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர் டி வைத்திருப்பவர்கள் எடுக்கும்போது டாம்பானின் நூலோடு காப்பர் டியின் நூலையும் சேர்த்து இழுத்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். பிரசவமான முதல் 6 வாரங்களுக்கு டாம்பான் கூடாது. அந்தக் காலத்து உதிரப்போக்குக்கு நாப்கின்தான் பாதுகாப்பானது.

எடுக்கும்போது வலித்தால்

இதுதான் மிகவும் சாதாரணமான குறை, சரிசெய்வதற்கும் எளிதானது. காய்ந்த டாம்பான் யோனிச் சுவரில் ஒட்டிக்கொண்டு இழுபடும்போது எரிகிறது. எடுத்த டாம்பானைப் பார்த்தாலே விடை தெரியும்: 4 மணி நேரம் கழித்தும் அதில் வெள்ளையாகக் காய்ந்த பகுதி நிறைய இருந்தால், உங்கள் போக்குக்கு அது அதிகம் உறிஞ்சும் அளவு. பெட்டியின் மேல் துளிகளாகப் போட்டிருக்கும் குறி, எவ்வளவு உறிஞ்சும் என்பதைத்தான் காட்டுகிறது. லைட் என்பது 6 கிராம் வரை, ரெகுலர் 6 முதல் 9 கிராம் வரை, சூப்பர் 9 முதல் 12 கிராம் வரை உறிஞ்சும். பெரிதை வாங்கினால் அதிக நேரம் தாங்கும், காசும் மிச்சம் என்ற கணக்கு இங்கே செல்லாது. நாப்கினுக்கும் டாம்பானுக்கும் 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்ட பிறகும் டாம்பானின் விலை கூடுதலாகத்தான் தோன்றுகிறது என்பது உண்மையே. ஆனாலும் போக்குக்குப் போதுமான மிகச் சிறிய அளவையே வாங்க வேண்டும். ஒரே மாதவிடாயில் இரண்டாம் நாளுக்கு ஓர் அளவு, நான்காம் நாளுக்கு அதைவிடச் சிறிய அளவு என்று மாற்றுவதில் தவறே இல்லை.

இப்போது உள்ளே இருப்பதே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ஒரு டாம்பானை உள்ளே வைத்திருக்கக்கூடிய 8 மணி நேர வரம்பு நெருங்கவில்லையென்றால் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கலாம். நெருங்கிவிட்டதென்றால் குந்தி உட்கார்ந்து, யோனியின் வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி, செலுத்திய அதே சாய்வில் கீழும் முன்னுமாக மெதுவாக இழுக்க வேண்டும்.

நூல் கைக்குத் தென்படவில்லை என்றால் டாம்பான் வயிற்றுக்குள் போய்விட்டதோ என்ற பயம் வேண்டாம். கருப்பை வாயின் துளை மிகச் சிறியது. டாம்பான் அதைத் தாண்டிப் போகவே முடியாது. குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவது போல முக்கி, இரண்டு விரல்களால் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அவருக்கு அது சில நிமிட வேலை. எடுத்த டாம்பானைத் தாளில் சுற்றிக் குப்பையில்தான் போட வேண்டும், கழிப்பறைக்குள் போடக் கூடாது.

நேரமும் காய்ச்சலும்

டாம்பானை 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். 8 மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. காலை 7 மணிக்குப் பேருந்து ஏறி, பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் நுழைய மனமில்லாமல், மாலை 6 மணிக்கு வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்ளும் பெண்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். கோவையிலோ பொள்ளாச்சியிலோ நடுவில் ஒருமுறை மாற்றுவதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை உறுதியாகக் கிடைக்கும் என்றால் மட்டும் டாம்பானோடு புறப்படுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு நாப்கின்தான். 8 மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்கள் இரவிலும் அப்படியே செய்ய வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்னும் நோய். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வெளியிடும் நஞ்சு ரத்தத்தில் கலப்பதால் இது வருகிறது. 1980இல் அமெரிக்காவில் மிக அதிகமாக உறிஞ்சும் டாம்பான்களைப் பயன்படுத்திய இளம்பெண்கள் பலர் இதனால் பாதிக்கப்பட்ட பிறகே உலகம் இதைக் கவனித்தது. மிக அரிதாகவே வரும், ஆனால் வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென்று 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கன்றியது போன்ற தோல் சிவப்பு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். டாம்பான் வைத்திருக்கும்போதோ, எடுத்த சில நாட்களுக்குள்ளோ இவை தெரிந்தால், உள்ளே இருப்பதை உடனே எடுத்துவிட்டு 108ஐ அழைக்கவோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகவோ வேண்டும். போனவுடன் “மாதவிடாய், டாம்பான் பயன்படுத்தினேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டெங்கு நடமாடும் நம் பக்கத்தில் காய்ச்சலும் சிவப்பும் வாந்தியும் என்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். கூட வந்த அப்பாவோ அண்ணனோ எதிரில் நிற்கிறார் என்று கூச்சப்பட்டு மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது

சரியான சாய்வு, சிறிய அளவு, அதிகப் போக்குள்ள நாள் என எல்லாவற்றையும் பின்பற்றியும் இரண்டு மூன்று மாதவிடாய்களாக வலி நீடித்தால் உடலில் காரணம் இருக்கலாம். அரிப்பும் தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சுவரில் முட்டுவது போல எதுவுமே உள்ளே போகவில்லையென்றால் தசைகள் தம்மையறியாமல் இறுகும் வஜைனிஸ்மஸ் ஆகவோ, கன்னிச்சவ்வின் குறுக்கே பிறவியிலேயே ஒரு பட்டை இருப்பதாகவோ இருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் ஹார்மோன் குறைந்து உள்ளே வறண்டுபோவதுண்டு. இவை அனைத்துக்கும் சிகிச்சை உண்டு.

கன்னிச்சவ்வைப் பற்றி அம்மாக்கள் கேட்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அது யோனியின் வாயை மூடியிருக்கும் கதவல்ல; ஓரத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய, நெகிழும் சவ்வு மடிப்பு. மாதவிடாய் ரத்தம் வெளியே வருவதே அந்த வழியாகத்தான். டாம்பான் வைப்பதால் எந்தப் பெண்ணின் கன்னித்தன்மையும் போவதில்லை.

டாம்பான் ஒத்துவரவே இல்லையென்றால் விட்டுவிடுவதும் சரியான முடிவுதான். கேரளத்தில் மாதவிடாய்க் கப் நன்றாகவே பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆலப்புழை நகராட்சி 2019இல் திங்கள் என்ற திட்டத்தின்கீழ் 5,000 கப்புகளை இலவசமாக வழங்கியது. கப் ரத்தத்தை உறிஞ்சாமல் சேர்த்துவைப்பதால் உள்ளே வறட்சி ஏற்படுவதில்லை. ஆனால் செலுத்தும்போது வலிப்பவர்களுக்கு கப்பிலும் அதே வலி இருக்கும் என்பதால் முதலில் அந்தக் காரணத்தைக் கண்டறிந்துகொள்ள வேண்டும்.

அதற்குக் கேரளப் பக்கத்தில் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்திலும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடங்கலாம். கேரளத்தில் 1056 என்ற திசா சுகாதார உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் தொலைபேசி வழியாகவே ஆலோசனை கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதற்கும், பரிசோதனையின்போது வலித்தால் நிறுத்தச் சொல்வதற்கும், கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்வதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நாளில், எந்த அளவு டாம்பான், செலுத்தும்போதா எடுக்கும்போதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், கூச்சத்தில் வார்த்தை வராவிட்டாலும் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.