உள்ளங்காலைக் காட்டாத தோல் சோதனை வகுப்பு

தோல் புற்றுநோய் அறிகுறிகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள மக்களுக்குச் சொல்லித்தரும் வேலைக்கு எங்கள் பக்கம் புதிதாகச் சில செவிலியர்களும் தன்னார்வலர்களும் வந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவர்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால், ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள் என்பதையெல்லாம் அவர்களே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு, சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைத் தோல் படங்களை அப்படியே போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை. இணையத்தில் இறக்கிய படம்: ஒரு வெள்ளைக்காரர் முதுகு, அதில் பழுப்பு மச்சம். கூடவே ஐந்து விதிகள். இரு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், பிசிறடித்த ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாறிக்கொண்டே இருப்பது. முதல் நான்கை 1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்தார்கள். ஐந்தாவது 2004இல் சேர்ந்தது. விதிகளில் குற்றமில்லை. ஆனால் அவை வெள்ளைத் தோலில் வரும் மெலனோமாவை, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றைப் பார்த்து எழுதியவை. நம் நிறத்துக்கு மெலனோமாவே அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மச்சத்தைத் தேடச் சொல்லி அனுப்பிவிட்டால் செருப்புக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் இப்படித்தான் மச்சப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. மச்ச பலன் கேட்டு ஒரே சிரிப்பு. ஓரத்தில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு உள்ளங்கால்ல ஆணி மாதிரி கருப்பா ஒண்ணு இருக்கு. பிளாஸ்திரி ஒட்டியும் போகல, பிளேடால சீவியும் போகல" என்றார். பாடம் நடத்திய பெண், "அது கால் ஆணிம்மா, இன்னைக்கு மச்சம் பத்தி மட்டும்தான்" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் நான் அந்த அம்மாவைத் தேடினேன்; கிளம்பிப் போயிருந்தார். பிறகு அந்த மனிதர் மருத்துவமனைக்கு வந்தபோது அரையில் நெறி கட்டியிருந்தது; புற்று அதுவரை பரவிவிட்டது. வகுப்பில் ஒரே ஒரு உள்ளங்கால் படம் இருந்திருந்தால் போதும், அந்தப் பதில் வந்திருக்காது.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுதான். கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் கால்பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துபோனார். இதைச் சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் காலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஆகவே பாடத்தைக் காலிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், உள்ளங்கை, அப்புறம்தான் முகமும் முதுகும். நகத்தில் பென்சிலால் இழுத்தது போன்ற கருங்கோடு நம் ஊரில் சகஜம். பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு விரலில், வயது வந்த பிறகு புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் இறங்கினால் உடனே காட்ட வேண்டும். உள்ளங்காலில் பல காலமாக மாறாமல் இருக்கும் வெளிர் புள்ளிகளைக் காட்டிக் கலவரப்படுத்தாதீர்கள். புதியது, வளர்வது, ரத்தம் கசிவது, இவைதான் கணக்கு.

இன்னொன்று. தொழுநோய்க் கணக்கெடுப்பில் பழகியவர்களின் கண் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமலைத்தான் தேடும். அந்தக் கண் நல்ல கண். ஆனால் இங்கே கருமையையும் ஆறாத புண்ணையும் தேட வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மெட்டி, மருதாணி, நெயில் பாலிஷ்

கழற்றிவிட்டு, அழித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மருதாணி வைப்பதாக இருந்தால், வைப்பதற்கு முன்.

"வலிக்குதா?" என்று கேட்பது

வலித்தால்தான் நோய் என்று நம் ஆட்கள் ஏற்கெனவே நம்புகிறார்கள். நீங்களும் அதையே முதல் கேள்வியாகக் கேட்டால் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

பழைய தழும்பை மறப்பது

நம்மிடையே மெலனோமாவைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இது. சின்ன வயதில் தீக்காயம் பட்ட தழும்பிலும், காலில் வருடக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணிலும் புற்று கிளம்பலாம். 'சர்க்கரைப் புண்' என்று கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஓரம் தடித்து, பூப்போல மேலே வளர்ந்து, நாற்றமெடுத்தால் கட்டு மாற்றினால் போதாது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பையும் கேளுங்கள். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றை நம் நாட்டு ஆய்வாளர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் 1945இலேயே எழுதியிருக்கிறார்கள். பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் அதே கதைதான். அங்கே கருத்து, தடித்து, ஆறாத வெடிப்பு இருந்தால் விடக்கூடாது. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை தைத்துக்கொள்ளச் சொன்னால் பெண்கள் சந்தோஷமாகக் கேட்கிறார்கள்.

ஆளுயரக் கண்ணாடி

அதன் முன் நின்று பார்க்கச் சொல்கிறார்கள். எத்தனை வீட்டில் இருக்கிறது? செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், தேதியோடு.

பெயர் வைப்பது

'கேன்சர்' என்று நீங்கள் சொல்லாதீர்கள். கால் ஆணி என்றும் சொல்லாதீர்கள்.

எங்கே போவது என்று சொல்லாமல் அனுப்புவது

'டாக்டரைப் பாருங்கள்' என்றால் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறை என்பதை முதல் நாளே விசாரித்து, ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு மாதத்தில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் போகச் சொல்லுங்கள். அங்கே பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது என்றதும் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில். பரவாது, மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டுதான் எடுப்பார்கள் என்பதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. போக வேண்டாம் என்று தடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.