ரத்தம் உறையாக் குறைபாடும் மூட்டுவலிக்கான அக்குபங்சரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தம் சரிவர உறையாத ஹீமோஃபிலியா என்ற குறைபாடு உள்ளவர்கள் அக்குபங்சரை நாடுவதில் வியப்பில்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து உட்சவ்வில் படிந்து, அச்சவ்வு தடித்து வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பும் அரிக்கப்படுகிறது. அதனால் வரும் வலி நிலையானது. மற்றவர்கள் எளிதாக விழுங்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளோ ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்களின் செயலைக் குறைப்பதால் இவர்களுக்கு ஆகாதவை. வலியைத் தணிக்க வேறு வழி தேடுவது குற்றமன்று. ஆனால், அந்தத் தேடலில் நேரும் சில தவறுகள் மூட்டையே பறித்துவிடக்கூடியவை.

அவற்றுள் மிகவும் ஆபத்தானது, புதிய ரத்தக்கசிவைப் பழைய வலி என்று எண்ணி ஊசி போட்டுக்கொள்வது. பழுதடைந்த மூட்டின் வலி பொதுவாக நடக்கும்போதும் பாரம் ஏற்றும்போதும் மிகுந்து, ஓய்வெடுத்தால் தணியும். காலையில் சிறிது நேரம் விறைப்பாக இருக்கும். ரத்தக்கசிவின் தொடக்கமோ வேறுவிதமானது: மூட்டுக்குள் ஒருவித குறுகுறுப்பு அல்லது இறுக்கம், பிறகு வெப்பம், வீக்கம், ஓய்விலும் குறையாத வலி, மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும் அசைவு. இடுப்புப் பகுதியில் வலி எடுத்து, தொடையை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருக்க நேர்ந்தால், அது மூட்டுவலியாக இல்லாமல் இடுப்பின் ஆழ்தசைக்குள் நிகழும் ரத்தக்கசிவாக இருக்கக்கூடும். ஐயம் இருந்தால் முதலில் ஃபேக்டர், அதாவது உடலில் குறைந்துள்ள உறைதல் காரணி, போட்டுக்கொண்டு, பிறகே ஸ்கேன் முதலிய சோதனைகளுக்குச் செல்வது ஹீமோஃபிலியா மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நெறி. அந்த நாளில் அக்குபங்சருக்கு இடமே இல்லை.

அடுத்த தவறு ஒரு காட்சிப் பிழையிலிருந்து பிறக்கிறது. ஊசியை எடுத்த இடத்தில் ஒரு துளி ரத்தம்கூட வரவில்லை, எனவே ஆபத்தில்லை என்று நோயாளியும் நம்புகிறார், சிகிச்சையாளரும் நம்புகிறார். ஹீமோஃபிலியாவில் தட்டணுக்களுக்குக் குறையில்லை. தோலின் சிறு துளையை அவை உடனே அடைத்துவிடும். அந்த அடைப்பை உறுதிப்படுத்த வேண்டிய ஃபைப்ரின் என்ற புரத இழை வலைதான் எட்டாம் அல்லது ஒன்பதாம் உறைதல் காரணி போதாததால் சரியாக உருவாவதில்லை. ஆகையால் தோல் உலர்ந்திருக்க, ஆழத்தில் உள்ள தசையில் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ ரத்தம் கசியத் தொடங்கலாம். விரலில் குத்தி, ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் சோதனை ஹீமோஃபிலியாவில் இயல்பாகவே இருக்கும் என்பதால், அதை நம்பி ஊசி போடக் கூடாது. உறைதலுக்கு உதவும் வேறொரு புரதம் குறையும் வான் வில்பிரண்ட் நோயிலும் தட்டணுக் குறைபாடுகளிலும் நிலைமை வேறு; அங்கே தோலிலேயே ரத்தம் நீண்ட நேரம் கசியலாம்.

ரத்தவியல் மருத்துவரிடம் சொல்லாமல் நாள் குறிப்பதும் தவறே. காரணியின் அளவு இயல்பானதில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசானது. இந்த எண் தெரியாமல் எந்த ஊசியையும் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. உடலில் செலுத்தப்படும் வழக்கமான எட்டாம் காரணி ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; எனவே மருத்துவர் இசைந்தால், காரணி போட்டுக்கொண்ட உடனடி நேரமே அக்குபங்சருக்கு ஏற்றது, அடுத்த தவணை நெருங்கும் நாள் ஏற்றதல்ல. காரணியை எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உடலில் உருவாகியிருந்தால் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். எட்டாம் காரணியின் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனை இயல்பான விடையைக் காட்டும். ரத்தம் முழுமையாக உறையும் என்பதற்கு அது சான்றாகாது.

ஊசி போடும் முறையிலும் கவனம் தேவை. மூட்டின் உள்ளறைக்குள் நுழையும் புள்ளிகளையும், கெண்டைக்கால், முன்கை, தொடை ஆகியவற்றின் ஆழ்தசைகளையும் தவிர்க்க வேண்டும். ஊசியைத் திருகி, மேலும் கீழும் ஆட்டித் தூண்டும் பழக்கம் திசுவைக் கூடுதலாகக் கிழிக்கும். தோலில் கிண்ணம் ஒட்டி ரத்தம் வடிக்கும் கப்பிங், முனை கூரிய ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் இசையக் கூடாது. இயன்முறை மருத்துவத்தில் ‘டிரை நீடிலிங்’ என்ற பெயரில் செய்யப்படுவதும் தசைக்குள் ஊசி செலுத்துவதே என்பதால், பெயர் மாறியதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கிருமி நீக்கப்பட்ட ஊசியாக இருக்க வேண்டும் என்பதை இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: 1980-களில் கறைபட்ட ரத்தப் பொருள்களால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் இந்தச் சமூகத்தில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

சிகிச்சைக்குப் பின் கெண்டைக்காலோ முன்கையோ கல்போல் இறுகி, விரல்கள் மரத்துப்போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது. தசையறைக்குள் அழுத்தம் ஏறி நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம். உடனே ஃபேக்டர் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அக்குபங்சர் தொடங்கிவிட்டோம் என்பதற்காகத் ரத்தக்கசிவு வராமலிருக்க வழக்கமாகப் போடும் காரணியையோ இயன்முறைப் பயிற்சியையோ நிறுத்தச் சொல்பவரிடம் தொடர்ந்து செல்லாதீர்கள். உறைதல் காரணியை எந்த ஊசிப்புள்ளியாலும் உண்டாக்க முடியாது. வலி சிறிது தணியலாம், அவ்வளவே. அரித்துப்போன குருத்தெலும்பு திரும்ப வளராது. முதுமை மூட்டுத் தேய்வுக்கே அக்குபங்சரை அளிக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் கூறியிருக்கிறது. தோலைத் துளைக்காத வழிகளையும், அதாவது மென்மையான அக்குபிரஷர், லேசர் போன்றவற்றையும், முதலில் முயன்று பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. எதைத் தொடங்கினாலும் அன்றைய வலியைப் பத்துக்கு இத்தனை என்றும், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்றும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, மருத்துவருடன் முன்கூட்டியே முடிவுசெய்த அமர்வுகளுக்குள் அந்த எண்கள் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.