ஆர் மென்பொருளில் நேர மண்டலம்: சறுக்கும் இடங்கள்

இரவு 2.15-க்கு மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரின் பதிவு. தேதி மார்ச் 12. அதைப் புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளில் ஏற்றி, நேரத்தை உதிர்த்துத் தேதியை மட்டும் எடுத்தால் மார்ச் 11 என்று வந்து நிற்கிறது. தரவில் பிழை இல்லை. இந்திய நேரம் யூடிசியைவிட, அதாவது உலகப் பொது நேரத்தைவிட, ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை யூடிசியில் இன்னும் முந்தைய நாள்தான். தேதியைப் பிரித்தெடுக்கும் 'ஆஸ்.டேட்' கட்டளைக்கு மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால், ஆரின் பல பதிப்புகள் யூடிசியையே எடுத்துக்கொள்கின்றன. பகல் பதிவுகள் எல்லாம் சரியாக இருக்கும், நள்ளிரவுக்குப் பிந்தைய பதிவுகள் மட்டும் ஒரு நாள் பின்னால் போயிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படவே படாது. இந்தத் தவறுக்கு நான் மிகவும் பயப்படுவது அதனால்தான்.

சரி, கணினி எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று ஆரிடமே கேட்கலாம். 'சிஸ்.டைம்ஜோன்' கட்டளை அதற்குத்தான். ஆனால் வரும் பதிலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். ஒரு கணினி 'ஏசியா/கொல்கத்தா' என்னும். விண்டோஸ் கணினி பெரும்பாலும் 'ஏசியா/கல்கத்தா' என்னும். இரண்டும் ஒன்றுதான், பின்னது பழைய பெயர். சில கணினிகளில் பதிலே கிடைக்காமல் 'என்ஏ' (மதிப்பு இல்லை) என்று வருவதும் உண்டு. இன்னொன்று: ஒருமுறை கண்டுபிடித்த பதிலை ஆர் நினைவில் வைத்துக்கொள்ளும். இடையில் கணினியின் அமைப்பை மாற்றினால், ஆரை மூடித் திறந்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், மண்டலத்தின் இடத்தில் 'ஐஎஸ்டி' என்று எழுதுவது. நமக்கு அது இந்திய நேரம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அவரவர் நேரம். ஆருக்கோ அது தெரிந்த பெயரே இல்லை. தெரியாத பெயரைப் பெரும்பாலும் யூடிசியாகவே நடத்திவிடும், எச்சரிக்கை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஐந்தரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. ஏற்கப்படும் பெயர்கள் என்னென்ன என்பதை 'ஓல்சன்நேம்ஸ்' கட்டளை பட்டியலிடும். அதிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் சரியாக ஓடிய நிரல் அங்கே வேறு விடை தரும். கணினியின் மண்டலம் வேறு, தரவு பிறந்த இடத்தின் மண்டலம் வேறு. நேரத்தைப் படிக்கும் வரியிலேயே பின்னதை எழுதிவிட வேண்டும்.

கொழும்புத் தரவு கையில் வந்தால் கூடுதல் கவனம் தேவை. இன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் 'ஏசியா/கொல்கத்தா' போதும் என்று தோன்றும். ஆனால் 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்து, யூடிசியைவிட ஆறு மணி நேரம் முன்னால் என்ற நிலைக்கு வந்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. 2001-இன் பதிவு ஒன்றை இந்திய மண்டலத்தில் படித்தால் அரை மணி நேரம் தவறும். 'ஏசியா/கொலம்போ' என்று எழுதினால் இந்த மாற்றங்களை எல்லாம் ஆரே பார்த்துக்கொள்ளும்.